முதல் வருடத்தின் கையெழுத்து

பெரியவர் என்னை உட்காரச் சொன்னார். அதிலேயே ஏதோ சரியில்லை என்று பட்டது.

எங்கள் பொது மருத்துவத் துறையின் தலைவரை நாங்கள் எல்லோரும் பெரியவர் என்றுதான் சொல்வோம். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருக்கிறது அவருக்கு. பதினொரு வருடமாக அவர் அறைக்குள் போய் வருகிறேன். நின்றபடியே பேசி, நின்றபடியே திட்டு வாங்கி, நின்றபடியே விடுப்புக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவதுதான் வழக்கம். நாற்காலிகள் இல்லாமல் இல்லை, இரண்டு உண்டு. ஒன்றில் கோப்புகள் நிரந்தரமாகக் குடியிருக்கும். இன்னொன்று வெளியிலிருந்து வரும் பெரிய மனிதர்களுக்கு. அன்றைக்கு அவரே எழுந்து வந்து அந்த இரண்டாவது நாற்காலியைக் கையால் தட்டித் துடைத்துவிட்டு, "உக்காரும்மா" என்றார். மின்விசிறியையும் கொஞ்சம் கூட்டி வைத்தார். யாரோ செத்துப்போய்விட்டார்கள், அதை எப்படிச் சொல்வது என்று தயங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

"வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க சார்."

"வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?"

"அவரும் வீட்லதான் சார் இருக்கார்."

வழக்கமாக இதற்குச் சிரித்திருப்பார். அன்று சிரிக்கவில்லை. ஒரு தாளை மேஜையில் என் பக்கமாகத் திருப்பி நகர்த்தினார்.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. பத்து நாளைக்கு முன்னால் மேலிடத்திலிருந்து வந்த மனநலப் படிவம். எங்கோ ஒரு மருத்துவக் கல்லூரியில் ஒரு பிள்ளை தவறிப்போக, பேச்சு பெரிதாகி, பட்டமேற்படிப்புப் பிள்ளைகளும் அவர்களுக்குப் பாடம் சொல்பவர்களும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார்கள். டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு மேலே மூன்று வருடம், வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள் இந்தப் பிள்ளைகள். எங்கள் பிரிவில் அவர்கள் ஒன்பது பேர், நாங்கள் ஐந்து பேர், ஆகப் பதினான்கு தாள். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், பசிக்கிறதா, அழுகை வருகிறதா என்று பன்னிரண்டு கேள்விக்குக் கட்டத்தில் குறியிட வேண்டும். கடைசியில் 'வேறு ஏதாவது சொல்ல விரும்பினால்' என்று இரண்டு வரி இடம்.

என் பெயர் மேலே இருந்தது. என் கையெழுத்து கீழே இருந்தது. நடுவில் இருந்ததைப் படித்தேன். தூக்கம் மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. பசி இல்லை. அழுகை, பெரும்பாலான நாட்கள். உங்களால் யாருக்கும் பயனில்லை என்று தோன்றுகிறதா என்ற கேள்விக்கு 'எப்போதும்'. கடைசி இரண்டு வரியில் நுணுக்கி, இடது பக்கம் சாய்ந்த எழுத்தில் எழுதியிருந்தது: 'காலையில் கண் விழித்ததும் ஏன் விழித்தேன் என்றுதான் தினமும் முதலில் தோன்றுகிறது.'

அந்தச் சாய்ந்த எழுத்து எனக்கு மனப்பாடம். தினமும் நாற்பது நோயாளிக் குறிப்பில் அதைத்தான் படிக்கிறேன். எங்கள் பிரிவின் முதல் வருடப் பெண்ணின் எழுத்து அது. பெரியவருக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்கலாம். எங்கள் துறையில் எல்லாத் தாளும் முதல் வருடத்தின் கையெழுத்தில்தான் இருக்கும். ரத்தப் பரிசோதனைச் சீட்டு, வருகைப் பதிவேடு, பெரியவர் பேசப்போகும் கருத்தரங்க உரை எல்லாமே முதல் வருடத்தின் வேலை. காலம் காலமாக அப்படித்தான். அதனால் அது யாருடைய எழுத்தும் இல்லை என்று ஆகிவிட்டது. இந்தப் படிவக் கட்டு வந்தபோதும் நான் அதைக் கையில் வாங்கி, படிக்கக்கூட இல்லை, அப்படியே அந்தப் பெண்ணிடம் தள்ளிவிட்டேன். "எல்லாருக்கும் சேத்து நல்லபடியா நிரப்பிடு. நாளைக்குள்ள வேணும்." மறுநாள் வார்டு வராந்தாவில் சுவரில் தாளை வைத்து, பேச்சு பேச்சாக இருக்கும்போதே கையெழுத்துப் போட்டேன். மற்றவர்களும் அப்படியே. நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்களா என்று கேட்ட படிவத்தை, ஏற்கனவே வேலையில் மூழ்கிக் கிடந்த ஒருத்தியின் தலையில் பதினான்கு மடங்காகக் கட்டியிருக்கிறோம் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

"நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்" என்றார் பெரியவர். குரலை அவ்வளவு தாழ்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. "எவ்வளவு நாள் லீவு வேணும்னாலும் எடுத்துக்கோங்க. உங்க வார்டை நானே பாத்துக்கறேன். வியாழக்கிழமை மூணு மணிக்கு மனநல டாக்டர்கிட்ட உங்க பேர்ல நேரம் வாங்கியாச்சு. இது யாருக்கும் தெரியாது. ஆசிரியர்களோட விவரம் அந்த டாக்டரைத் தாண்டிப் போகாது."

மனிதர் உண்மையிலேயே கலங்கிப்போயிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இத்தனை கனிவு இந்த அறையில் எங்கே இருந்தது, இவ்வளவு நாள்?

"நல்ல வேளை, பசங்க யாரும் இப்படி எழுதல" என்றார் தொடர்ந்து. "அவங்க எழுதியிருந்தா நான் கல்லூரிக்கு அனுப்பியாகணும். ஆறு மாசம் வீட்டுக்குப் போ, தகுதிச் சான்றிதழோட வான்னு சொல்லிடுவாங்க. வருஷமும் போயிடும், பேரும் போயிடும். அப்புறம் யாரு அவங்களை வேலைக்கு எடுப்பாங்க?"

இது நான் எழுதியதில்லை என்று சொல்ல வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். சொன்னால் அடுத்த நிமிடமே யார் எழுதியது என்று கேட்பார். சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு வரவேண்டிய வைத்தியம் என் பெயரிலேயே நின்றுபோகும். "கொஞ்ச நாளா தூக்கம் சரியில்ல சார்" என்றேன். பொய் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான், அது அவ்வளவு பெரிய பொய்யும் இல்லை என்று பட்டது. தாளை வாங்கி நான்காக மடித்துக்கொண்டு எழுந்தேன்.

வார்டுக்கு இரண்டு மாடி ஏற வேண்டும். ஏறும்போது அன்று காலை நடந்தது கூடவே ஏறி வந்தது. என் முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் என்னை ஊசி மேடம் என்று சொல்வார்கள். எனக்குத் தெரியும், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. காலைச் சுற்றில் ஒன்பதாம் படுக்கைத் தையல்காரரின் ரத்தத்தில் உப்பு அளவு எவ்வளவு என்று கேட்டேன். முதல் வருடம் ஆறாம் படுக்கைக்காரரின் அளவைச் சொன்னாள். "இப்ப நீ நின்னுகிட்டுத் தூங்கறியா, இல்ல தூங்கிகிட்டு நிக்கறியா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கத்தான் வேண்டும், நான் சொன்னது அவர்களுக்கான நகைச்சுவை. மூன்றாம் வருடத்துப் பையன் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். அந்தப் பெண்ணும் சிரித்தாள். அதுதான் இப்போது நெஞ்சைப் பிசைந்தது.

நாங்களும் இப்படித்தான் படித்து வந்தோம் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். எங்களோடு ஒருவன் படித்தான், நெட்டை என்போம். ஒரு நாள் மதியம் வெள்ளைக் கோட்டைக் கழற்றி விடுதிக் கட்டிலில் போட்டுவிட்டுப் போனவன் திரும்பி வரவில்லை. நெட்டை ஓடிட்டான் என்று பேசிப் பேசிச் சிரித்தோம். அன்று சாயங்காலமே அவன் கட்டிலை இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவன் எங்கே போனான், வீட்டுக்குத்தான் போனானா என்று நாங்கள் யாரும் விசாரிக்கவில்லை. இன்று வரை எனக்குத் தெரியாது. இருபது வருடம் கழித்து அந்த மாடிப்படியில் நின்றபோதுதான், தெரியாது என்பதே எனக்குத் தெரிந்தது.

வார்டில் முதல் வருடப் பெண் தையல்காரருக்கு மறுபடி ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். முந்தைய நாள் காலை எட்டு மணிக்கு வந்தவள். இப்போது பதினொன்றரை. கணக்குப் போட்டுப் பார்த்தால் இருபத்தேழு மணி நேரத்துக்கு மேல். ஊசியை எடுத்து, பஞ்சை அழுத்தி, அவர் கையை மடக்கிவிட்டு, "கொஞ்ச நேரம் இப்படியே வெச்சிருங்க ஐயா" என்று சொன்ன குரலில் ஒரு குறையும் இல்லை. இப்படி ஒரு குரலை வைத்துக்கொண்டு ஒருத்தி உள்ளே என்னவாக இருக்கிறாள் என்று யார்தான் கண்டுபிடிப்பார்கள்?

"கொஞ்சம் வா" என்று எக்ஸ்ரே பார்க்கும் அறைக்குக் கூட்டிப் போனேன். அது அறை என்று சொல்ல முடியாத ஒரு பொந்து. விளக்குப் பெட்டி ஒன்று, முக்காலி இரண்டு. கதவைச் சாத்திவிட்டுத் தாளைப் பிரித்து நீட்டினேன். பேச வாயைத் திறந்தால், பழக்க தோஷம், திட்டுதான் முதலில் வந்தது.

"பேரைப் பாத்து எழுத மாட்டியா நீ?"

அவள் தாளைப் பார்த்தாள். முகத்தில் இருந்த கொஞ்ச ரத்தமும் இறங்கியது. ஆனால் அழவில்லை. கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தாள்.

"சாரி மேடம். இப்பவே வேற தாள்ல எழுதிக் குடுத்துடறேன் மேடம். உங்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கம்னுதான் போடணும்னு இருந்தேன். அஞ்சு நிமிஷம் குடுங்க மேடம்."

தன் உயிரையே எழுதியிருந்த தாளை அடித்துத் திருத்த அவள் ஐந்து நிமிடம் கேட்டாள். பேனாவை அவள் விரலிலிருந்து மெதுவாக வாங்கி மூடி விளக்குப் பெட்டியின் மேல் வைத்தேன். உட்கார் என்றேன், பரவாயில்லை என்றாள். நான் ஒரு முக்காலியில் உட்கார்ந்த பிறகுதான், என்ன செய்வதென்று தெரியாமல் அவளும் உட்கார்ந்தாள்.

எப்படி நடந்தது என்று சொன்னாள். கட்டில் எழுத்தர் வைத்திருந்தது பதினைந்து தாள், ஒன்று கூடுதல். வேகமாக முடிய வேண்டும் என்று முதலில் பதினான்கு தாளிலும் கட்டங்களை நிரப்பினாள். எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று தூக்கத்தை மட்டும் ஆறு, ஏழு, ஆறரை என்று மாற்றி மாற்றிப் போட்டாள். கூடுதலாக இருந்த தாளில், ஒரே ஒரு தடவை உண்மையை எழுதிப் பார்த்துவிட்டுக் கிழித்துவிடலாம் என்று தோன்றியிருக்கிறது. எழுதி முடிக்கும்போது ஐந்தாம் படுக்கைக்கு மூச்சுத் திணறுகிறது என்று கூப்பிட்டார்கள். ஓடிப்போய் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தவள், பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசையாகத் தாள்களின் தலையில் பெயர்களை எழுதினாள். கடைசியில் ஒரு தாள் மிஞ்சியது. அதுதான் தன்னுடையது என்று நினைத்துப் பார்க்காமலேயே கிழித்துப் போட்டுவிட்டாள்.

"கிழிச்சது உங்களோடதுன்னு இப்பதான் மேடம் தெரியுது."

இருபத்தேழு மணி நேரம் விழித்திருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. அந்தத் தப்புக்கு நான் எந்தக் கோயிலில் போய் நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

எனக்கு இதயம், நுரையீரல், சிறுநீரகம் தெரியும். எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. படித்த காலத்தில் மனநல வார்டில் இரண்டு வாரம் வேலை பார்த்ததில் ஒன்றே ஒன்று நினைவில் நின்றிருந்தது. கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடுமோ என்று பயப்படாதே, நேராகக் கேள் என்று அங்கே சொன்னார்கள். கேட்டேன்.

"செத்துடணும்னு தோணுதா?"

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தாழ்வாரத்தைக் கடந்து போனது.

"குறிப்பா அப்படி ஒண்ணும் நெனக்கல மேடம். ஆனா ரோடு தாண்டறப்ப இப்பல்லாம் ரெண்டு பக்கமும் பாக்கறதில்ல. நேத்துதான் அதைக் கவனிச்சேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "அம்மா தெனமும் போன்ல, எங்க டாக்டர் எப்படி இருக்காங்கன்னுதான் கேப்பாங்க. டாக்டர் நல்லா இருக்காங்கன்னு சொல்லிடுவேன் மேடம். அது பொய் இல்லல்ல?"

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது. காலையில் நான் பேசியதற்கு மன்னித்துவிடு என்றேன். அவள் அவசரமாக, "இல்ல மேடம், என் தப்புதான், ஆறாம் படுக்கையோட அளவை மாத்திச் சொல்லிட்டேன்" என்றாள். யாராவது மன்னிப்புக் கேட்டால் ஏற்றுக்கொள்ளக்கூடப் பழக்கமில்லை அவளுக்கு, தான் கேட்டுத்தான் பழக்கம். நாங்கள் பழக்கியதுதான் அது.

அதற்கு மேல் பேச்சை வளர்க்கவில்லை. அவளை அன்றைக்குத் தனியாக விடக்கூடாது, தூங்க வைக்க வேண்டும், நம்பக்கூடிய ஒருவருக்குச் சொல்ல வேண்டும். யாருக்குச் சொல்லலாம் என்று கேட்டேன். அம்மாவுக்கு வேண்டாம், அக்காவுக்கு என்றாள். அக்கா வெளியூரில் துணிக்கடையில் வேலை பார்ப்பவள். போனில் நான் பேசத் தொடங்கியதுமே, "நான் கெளம்பிட்டேன் மேடம்" என்று சொல்லிவிட்டாள், காரணம் முழுசாகக் கேட்கும் முன்னமே. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து அந்தப் பெண்ணை எங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போனார். வார்டில் மிச்சம் இருந்த அவள் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பத்து வருடம் கழித்து ரத்தம் எடுக்க உட்கார்ந்து, முதல் ஆளிடமே நரம்பைத் தவறவிட்டேன்.

"மேடம் புதுசா?" என்றார் பக்கத்தில் படுத்திருந்த தையல்காரர். "ஊசியில நூல் கோக்கற மாதிரி கண்ணை இடுக்கினா வராது மேடம். அந்தப் பாப்பா ஒரே குத்துல எடுத்துரும்."

"ஆமாய்யா, நான் புதுசுதான்" என்றேன். வார்டே சிரித்தது. மூன்றாம் வருடத்துப் பையன் மட்டும் சிரிக்கவில்லை. முதல் வருடம் எங்கே என்று இரண்டு தடவை கேட்டான். உடம்பு சரியில்லை, அனுப்பிவிட்டேன் என்றேன். உடம்பு சரியில்லை என்றால் அனுப்புவார்களா என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் பாதிச் சீட்டுகளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனான்.

வீட்டுக்குப் போனபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். படிக்கப் போயிருக்கும் என் மகளின் கட்டிலில், செருப்பைக்கூடக் கழற்றாமல். வீட்டுக்காரர் தொலைக்காட்சியை ஊமையாக்கிவிட்டுப் பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தார். "மூச்சு வருதான்னு நாலு தடவ போய்ப் பாத்துட்டேன், தப்பா எடுத்துக்காதே" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டுப் போர்த்திவிட்டேன். மறுநாள் விடிந்து, அக்கா வந்து பையை இறக்கி வைத்த பிறகுதான் அவள் கண் விழித்தாள். அக்காவைப் பார்த்ததும் முதல் தடவையாக அழுதாள். அக்கா சமாதானம் எதுவும் சொல்லவில்லை. தலையைத் தன் மடியில் போட்டுக்கொண்டு, "எங்களுக்கு டாக்டர் வேணாம்டி. நீ இருந்தா போதும்" என்று மட்டும் சொன்னாள். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை மூன்று மணி பற்றிச் சொன்னபோது வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மனநலப் பிரிவுக் கட்டடத்துக்குப் போவதை யாராவது பார்த்துவிடுவார்கள், பேச்சுக் கிளம்பும், கல்லூரிக்குப் போய்விடும், மூன்று வருடப் படிப்பும், படிக்க வைத்த அக்காவின் உழைப்பும் வீணாகும்.

"என் பேர்லதானே நேரம் வாங்கியிருக்கு" என்றேன். "யாராவது பாத்தா, ஊசி மேடத்துக்கு மண்டை கழண்டு போச்சு, துணைக்குக் கூட்டிட்டு வந்தேன்னு சொல்லிடு. எல்லாரும் நம்புவாங்க."

அவள் உதடு கொஞ்சம் அசைந்தது. அந்தப் பெயர் எனக்குத் தெரியும் என்பதே அவளுக்குப் புதுச் செய்தி. வருகிறேன் என்று சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை பெரியவரிடம் போனேன். என்னைப் பார்த்ததும் மறுபடி நாற்காலியைத் தட்டப் போனார். நான் நின்றுகொண்டே சொன்னேன். பதினான்கு தாளையும் நாங்கள் யாரும் நிரப்பவில்லை, முதல் வருடத்தை நிரப்பச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டோம், அதற்கு நான்தான் பொறுப்பு, எல்லாவற்றையும் பெயர் இல்லாமல் புதிதாக வாங்க வேண்டும், முதல் வருடத்தின் வேலை நேரத்தை இந்த வாரமே குறைக்க வேண்டும் என்றேன்.

"பசங்களோடத ஏற்கனவே அனுப்பியாச்சேம்மா" என்றார். முகம் சுருங்கிவிட்டது. "நாமளும் இப்படித்தானே படிச்சு வந்தோம்?"

"ஆமா சார். அதனாலதான் இப்படி இருக்கோம்."

அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, வெகு நேரம் கீழே வண்டிகள் நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப உங்க பேர்ல இருந்த தாளும் பொய்தானா?"

"இல்ல சார். பதினாலுல அது ஒண்ணுதான் உண்மை."

யாருடையது என்று கேட்பார், கேட்டால் சொல்வதில்லை என்று முடிவோடுதான் போயிருந்தேன். அவர் கேட்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவர் மேஜை விரிப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்ததிலிருந்து தெரிந்தது. "வேலைப் பட்டியலைக் கொண்டு வாங்க, பாப்போம்" என்றார். கதவருகே போனபோது கூப்பிட்டு, "வியாழக்கிழமை மூணு மணி. விட்றாதீங்க" என்றார்.

மனநலப் பிரிவு எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் தனியாக இருக்கிறது. இரண்டே முக்காலுக்கே போய் வெளித் தாழ்வாரத்து பெஞ்சில் பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அக்காவோடு காலையிலேயே பேசியிருந்தேன். "குளிச்சுட்டா மேடம், சாப்பிட்டா, ஆனா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா" என்றிருந்தாள். மூன்று அடிக்க ஐந்து நிமிடம் இருந்தபோதும் யாரும் வரவில்லை. அவள் வராவிட்டால் என்ன செய்வேன் என்று நினைத்துப் பார்த்தேன். கல்லூரிக்கு எழுதித்தான் ஆக வேண்டுமோ, எழுதினால் அவள் என்னை எந்தக் காலத்திலும் நம்பமாட்டாளே, எழுதாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன ஆவேன் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு வந்தாள். அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். இவள் மட்டும் வந்து என் பையைத் தாண்டி பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தாழ்வாரத்தின் மறுகோடியிலிருந்து மூன்றாம் வருடத்துப் பையன் கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தான். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டான். அவளுடைய தோள் சட்டென்று ஒடுங்கியது. அவனுக்குத் தெரிந்தால் எங்கள் பிரிவு முழுக்கத் தெரிந்த மாதிரி.

"மேடம், நீங்க எங்க இங்க?"

"எனக்குத்தான்" என்றேன் முந்திக்கொண்டு. "தூக்கமே வரமாட்டேங்குது. இவ துணைக்கு வந்தா."

"ஓ. சரி மேடம்" என்றான். போய்விடுவான் என்று பார்த்தேன், போகவில்லை.

கதவு திறந்தது. உதவியாளர் அம்மாள் சீட்டைப் பார்த்து என் பெயரைப் படித்தார். நான் எழுந்தேன். அதே நேரம் அவளும் எழுந்தாள். அந்த அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒருத்தர் பேருதானே இருக்கு. யாருக்குப் பாக்கணும்?"

எனக்குத்தான் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் டாக்டரிடம் விஷயத்தை விளக்குவதாகத்தான் ஏற்பாடு. நான் வாயெடுப்பதற்குள் அவள் பேசிவிட்டாள். மூன்றாம் வருடத்துப் பையன் நான்கடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். அவன் பக்கம் அவள் திரும்பவில்லை. மன்னிப்பின் தொனி இல்லாமல் அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வாக்கியம் அதுதான்.

"எழுதினது நான். பேரு மட்டும்தான் மேடத்தோடது."

அந்த அம்மாள் இதையெல்லாம் நிறையப் பார்த்தவர் போலிருக்கிறது. "வாம்மா" என்று கதவை இன்னும் கொஞ்சம் திறந்து பிடித்தார். அவள் போனாள். "கொஞ்சம் நேரமாகும், நீங்க உக்காருங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். ஆகட்டும் என்றேன்.

உட்கார்ந்தேன். எனக்குக் கண் கலங்கியிருந்தது, மறைக்கத் தோன்றவில்லை. உள்ளிருந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் வருடத்துப் பையன் அப்போதும் அங்கேயேதான் நின்றான். கையில் இருந்த காகிதக் கட்டு இந்தக் கட்டடத்தில் கொடுக்க வேண்டியதே இல்லை என்று மேலே இருந்த முத்திரையிலேயே தெரிந்தது. அவன் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் வார்டுக்குப் போகலையா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.

பக்கத்தில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் அவன் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வந்து உட்கார்ந்தான்.